எழுத்தால் சொல் தேடியவர்கள்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து பேரன் தொலைபேசியில் அழைத்தான். பன்னிரண்டு வயது. நலம் விசாரித்த கையோடு கேட்டான்:

“அம்மப்பா, கியூ எழுத்து இருக்க வேணும், அதுக்குப் பக்கத்தில யூ இருக்கக் கூடாது. அப்பிடி இங்கிலிஷ் சொல் ஏதும் தெரியுமா?”

பாடசாலையில் ஸ்கிராபிள் போட்டியாம். ஆங்கிலத்தில் கியூ என்ற எழுத்து வந்தால் அதன் பின்னால் பெரும்பாலும் யூ வந்தே தீரும். கையில் கியூ மட்டும் அகப்பட்டு, யூ அகப்படாதவன் பாடு திண்டாட்டம். நான் யோசிக்கவேயில்லை. காதி, பக்கீர், கனாத், காத் என்று நான்கு சொற்களை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் அமைதி. “நீங்க கொம்பியூட்டரைப் பார்த்தா சொல்லுறீங்க?” என்றான்.

நான் கணினியைப் பார்க்கவில்லை. ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன்னர், மட்டக்களப்பு வாவியின் கரையில், ஒரு சீ.ஆர். கொப்பியில் பார்த்தவை அந்தச் சொற்கள். அந்தக் கொப்பியைப் பற்றி இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

நான் படுவான்கரையில் பிறந்தவன். வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கத்திலுள்ள வயற்கரை அது. கடலோரமாகச் சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. தோணியில் வாவியைக் கடந்துதான் மேல்வகுப்புக்கு வரவேண்டியிருந்தது. எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியரை இங்கே ‘சேர்’ என்றே குறிப்பிடுகிறேன். நாங்கள் அவரை அழைத்தது அப்படித்தான்.

மட்டக்களப்புக்கு ஆங்கிலக் கல்வி வந்தது 1814இல். அந்த ஆண்டு மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கு வந்து பள்ளி தொடங்கினார்; மறு ஆண்டே நோயுற்று இந்த மண்ணிலேயே மறைந்தார். அவர் ஊன்றிய விதைதான் பின்னாளில் மெதடிஸ்த மத்திய கல்லூரியாயிற்று. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இவ்விரு பள்ளிகளிலும் பயின்றவர். அவர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். இவ்வளவு பள்ளிகள் இருந்தும், 1960களில் எங்களைப் போன்ற வயற்கரைப் பிள்ளைகளின் வீட்டில் ஆங்கில அகராதி என்பது கண்டறியாத பொருள். 1956இன் மொழிச் சட்டத்திற்குப் பிறகு ஆங்கிலத்தின் மதிப்பும் ஆட்டம் கண்டிருந்தது. சேரிடம் ஒரேயொரு அகராதி இருந்தது. அட்டை கழன்று, நூலால் கட்டப்பட்டது.

அவருக்கு ஒரு பைத்தியம். கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலப் பத்திரிகைகளில் வெளியாகும் குறுக்கெழுத்துப் புதிர்களை விடமாட்டார். ஐந்து கட்டம், இரண்டாவது கட்டத்தில் ‘ஆர்’, கடைசியில் ‘ரீ’ என்றிருந்தால் என்ன சொல்? அகராதி இதற்கு உதவாது. அது முதலெழுத்து தெரிந்தவனுக்கு மட்டுமே கதவு திறக்கும். ஆகவே சேர் தாமே ஒரு தலைகீழ் அகராதியை எழுதத் தொடங்கினார். முதற்பகுதியில் கியூ, இசட், ஜே, எக்ஸ் போன்ற அரிய எழுத்துகள் வரும் சொற்கள். இரண்டாம் பகுதியில் சொற்களை நீளவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நீளத்துக்குள்ளும் இரண்டாம் எழுத்தின்படி அடுக்கியிருந்தார். மூன்றாம் பகுதி, முடியும் எழுத்தின்படி. எட்டுக் கொப்பிகள் நிறைந்திருந்தன.

ஒரு விதியை அவர் மீறியதில்லை. தமிழில் பொருள் எழுதாமல் எந்தச் சொல்லையும் ஏற்றமாட்டார்.

*

இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். வெள்ளைக்காரனிடமிருந்து கற்றது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, “சூடாமணி நிகண்டு” என்றார்.

இன்றைய வாசகருக்கு இது விளக்கம் வேண்டுவது. நமது பழைய நிகண்டுகள் சொற்களை அகரவரிசையில் அடுக்கியவை அல்ல. தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வாரியாகத் தொகுத்தவை. ஆனால் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி வேறு வகையானது. ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைக் கூறும் அப்பகுதி, ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாம் எழுத்தை வைத்தே பகுக்கப்பட்டிருக்கிறது. அகம், நகம், முகம் என்பவை ஒரு வீட்டார். காரணம் எளிது: செய்யுள் இயற்றுபவனுக்கு அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் சொல் வேண்டும். அவன் தேடுவது பொருளை மட்டுமல்ல, எழுத்தையும்தான். சேரின் தகப்பனார் அதை மனனம் செய்வித்த பழைய ஆசிரியர். மகன் அதே சட்டத்தில் ஆங்கிலச் சொற்களைப் பொருத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

முதலெழுத்து வரிசையும் நமக்குப் புதிதன்று. சிதம்பரம் இரேவணசித்தர் 1594இல் செய்த அகராதி நிகண்டு அந்த வழியைக் கைக்கொண்டது. ‘அகராதி’ என்ற பெயரே அதிலிருந்துதான் நமக்கு நிலைத்தது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றினார். இத்தாலியில் பிறந்த அந்தப் பாதிரியார் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வகையாக அதைப் பகுத்தார். நான்காவதான தொடையகராதி முழுக்க முழுக்க எதுகைச் சொற்களைத் தேடுவோருக்கானது. ‘இந்த எழுத்து வரும் சொல் எது’ என்று பேரன் இன்று இணையத்தில் தட்டிக் கேட்கும் கேள்விக்கு, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் விடைப்புத்தகம் இருந்தது. நாம் அதை விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளவில்லை, பாட்டுக்கு வைத்துக்கொண்டோம்.

*

பிற்காலத்தில் நான் கொழும்பில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது, வாரப் பதிப்பின் குறுக்கெழுத்துப் புதிரை அமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போதுதான் இரு மொழிகளின் எழுத்து இயல்பு எனக்கு உறைத்தது.

ஆங்கிலத்தில் எந்தக் கட்டத்திலிருந்தும் ஒரு சொல்லை ஏறத்தாழ எந்த எழுத்தைக் கொண்டும் கீழ்நோக்கித் தொடங்கலாம். தமிழில் அது முடியாது. மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. வல்லின மெய்யில் முடியாது. ‘மட்டக்களப்பு’ என்று குறுக்கே எட்டுக் கட்டம் எழுதினால், ட், க், ப் என்ற மூன்று கட்டங்களும் கீழே இறங்கும் சொல்லுக்கு முதலாகவும் உதவா, முடிவாகவும் உதவா. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்துகள் உள்ள மொழியில் ‘கொ’வும் ‘கோ’வும் வெவ்வேறு கட்டங்கள். புதிரை அமைப்பவன் அதற்கேற்ப வளைந்து கொடுக்க வேண்டும். சேரின் கொப்பியைப் போல் ஒரு தமிழ்க் கொப்பியை நானும் எழுதிக்கொண்டேன்.

குறுக்கெழுத்து உலகுக்கு வந்தது 1913 டிசம்பர் 21இல், நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில். அமைத்தவர் ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளர். தமிழ்நாட்டில் 1930களில் எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடன் நடத்திய பரிசுப் போட்டிகள் அதைப் பாமரர் வரை கொண்டுசென்றன. பத்திரிகையின் விற்பனையும் கூடியது. அவை அறிவு விளையாட்டா, சூதாட்டமா என்ற சர்ச்சையும் கூடவே எழுந்தது. இப்படியான பத்திரிகைப் போட்டிகளைக் கட்டுப்படுத்தவே இந்திய அரசு 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாதம் ஆயிரம் ரூபாவுக்கு மேல் பரிசு கூடாது. போட்டியொன்றுக்கு இரண்டாயிரம் விண்ணப்பங்களுக்கு மேல் ஏற்கக் கூடாது. எழுத்துக் கட்டங்களை அடக்க ஒரு பாராளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

*

எழுத்துகளை எண்ணும் வழக்கத்துக்கும் எங்கள் தொழிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதைக் கொண்டே இரகசிய எழுத்தை உடைக்கலாம் எனக் காட்டினார். தந்திக் குறியீடுகளை வகுத்தபோது, அல்பிரட் வெயில் என்பவர் அமெரிக்காவில் ஓர் அச்சகத்துக்குச் சென்று, எழுத்துப் பெட்டியின் எந்த அறையில் எத்தனை ஈய எழுத்து கிடக்கிறது என்று பார்த்தார். மிகுதியாகக் கிடந்த ‘ஈ’ எழுத்துக்கு ஒரேயொரு புள்ளியைக் குறியாகக் கொடுத்தார். லைனோடைப் இயந்திரத்தின் விசைப்பலகையும் அதிகம் புழங்கும் எழுத்தில் தொடங்கியே அடுக்கப்பட்டது.

ஸ்கிராபிளின் பிறப்பும் பத்திரிகைத் தாளில்தான். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ், நியூயோர்க் டைம்ஸ் முதலான ஏடுகளின் பக்கங்களில் எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அந்த எண்ணிக்கைப்படியே நூறு வில்லைகளைப் பங்கிட்டார். ‘ஈ’க்குப் பன்னிரண்டு வில்லை, கியூவுக்கும் இசட்டுக்கும் ஒவ்வொன்று, ஆனால் பத்துப் புள்ளி. எஸ் எழுத்தை மட்டும் வேண்டுமென்றே நான்காகக் குறைத்தார். பன்மையாக்கிச் சுலபமாகப் புள்ளி சேர்ப்பதைத் தடுக்கவே அப்படிச் செய்தார். 1948இல் ஜேம்ஸ் புரூனோ அந்த விளையாட்டை வாங்கி ஸ்கிராபிள் என்று பெயரிட்டார். கைகளால் துழாவித் தேடுதல் என்பது அச்சொல்லின் பொருள். வாவியின் ஆழமற்ற நீரில் குனிந்து, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் எங்கள் பெண்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

*

இனி, அந்த நான்கு சொற்கள். அவை சேருக்கு அகராதியில் மட்டும் கிடைத்தவை அல்ல. காத்தான்குடியில் அவருக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார், அரபு படித்தவர். ஆங்கிலத்தில் யூ இல்லாத கியூச் சொற்களிற் பல அரபு, எபிரேயம், சீனம் முதலிய மொழிகளிலிருந்து வந்தவை என்று சேர் கண்டுகொண்டதும், நேரே நண்பரிடம் போனார். அரபில் தொண்டையின் அடியில் பிறக்கும் ஓர் ஒலி உண்டு. அதைக் குறிக்கவே வெள்ளைக்காரர் கியூவைப் பயன்படுத்தினர் என்று அவர் விளக்கினாராம்.

காதி என்றால் நீதிபதி. முஸ்லிம்களின் மணவிலக்கு வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றங்களை எங்கள் பகுதியில் அறியாதார் இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1951ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டம் அச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது கியூவுக்குப் பின்னால் யூவைச் சேர்த்தே எழுதியது. பக்கீர், வறுமையை மேற்கொண்ட துறவி. கனாத், பாரசீகத்தின் நிலத்தடி நீர்க்கால்வாய். காத், யெமனில் மெல்லும் இலை. நண்பர் அதை வெற்றிலையோடு ஒப்பிட்டு விளக்கியதாகக் கொப்பியில் குறிப்பு இருந்தது. ஒரு தமிழ் ஆசிரியரும் ஒரு முஸ்லிம் நண்பரும் ஒரு மாலைப்பொழுதில், தேநீர்க் கோப்பைகளுக்கிடையே சேர்த்த சொற்கள் அவை. 1990க்குப் பின்னர் அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தப் பக்கத்தின் பெறுமதி விளங்கும்.

இன்னொரு பக்கத்துக்கு ‘எங்கட வீட்டுச் சொற்கள்’ என்று தலைப்பிட்டிருந்தார். கட்டுமரம் ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்தாகி, அவற்றுள் நான்கு ‘ஏ’ ஆனது. சுருட்டும் மிளகுதண்ணீரும் உருமாறிப் போய் அங்கே குடியேறியிருந்தன. எங்கள் ஊரின் பெயரைப் போர்த்துக்கேயர் மகரத்தைப் பகரமாக்கி எழுதினர். ஆங்கிலத்தில் அது பத்தெழுத்தாயிற்று. “இடப்பெயர் என்றபடியால் விளையாட்டில் செல்லாது” என்று அடியில் எழுதியிருந்தார் சேர்.

*

1978 நவம்பர் 23இல் சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தனர். தென்னைகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. சேரின் வீட்டுக் கூரை பறந்தது. நான் கொழும்பிலிருந்து செய்தி சேகரிக்க வந்தவன், முதலில் போய்ப் பார்த்த வீடுகளில் அதுவும் ஒன்று. எட்டுக் கொப்பிகளில் ஐந்து கூழாகிவிட்டன. மூன்றைக் கயிற்றில் தாள்தாளாகக் காயப்போட்டிருந்தார். அவற்றை என்னிடம் தந்து, புதிதாக எழுதிவைக்கச் சொன்னார். கண்பார்வை மங்கத் தொடங்கியிருந்தது அவருக்கு. மூன்று மாத இரவுகளில் ஒரு பெரிய கொப்பியில் எழுதி முடித்தேன். “உன்னட்டயே இருக்கட்டும்” என்றார்.

இப்போது, எழுதாமல் விட்ட செய்தி.

1944 மே மாதத்தில், லண்டன் டெய்லி டெலிகிராப் பத்திரிகையின் குறுக்கெழுத்து விடைகளாக யூட்டா, ஒமாஹா, ஓவர்லோட், மல்பெரி என்ற சொற்கள் அடுத்தடுத்து வந்தன. ஜூன் தொடக்கத்தில் நெப்டியூனும் வந்தது. அத்தனையும் நோர்மண்டிப் படையிறக்கத்தின் இரகசியச் சங்கேதப் பெயர்கள். புதிரை அமைத்தவர் லெனர்ட் டோ என்ற பாடசாலைத் தலைமையாசிரியர். உளவுத்துறை அவரை விசாரித்தது. குற்றமொன்றும் காணாமல் விட்டது. அதே பத்திரிகையின் புதிரை 1942இல் பன்னிரண்டு நிமிடத்துக்குள் விடுவித்தவர்களிற் சிலரைத்தான் அதே அரசு சங்கேதம் உடைக்கும் பணிக்கு அழைத்தது. யுத்தகாலத்தில் எழுத்துக் கட்டங்கள் விளையாட்டாக மட்டும் பார்க்கப்படுவதில்லை.

1990இல் நான் ஊரிலிருந்தேன். வீடுகள் சோதனையிடப்பட்ட காலம். பிடித்துச் செல்லப்பட்டவர்களிற் பலர் திரும்பி வரவில்லை. என் மேசையில் ஒரு கொப்பி: பக்கம் பக்கமாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆங்கிலச் சொற்கள், எழுத்து எண்ணிக்கை, அருகில் தமிழில் குறிப்பு. அதைப் பார்ப்பவனுக்கு நான் என்னவென்று விளக்குவேன்? ‘இது நிகண்டு முறை’ என்றா? ஒருநாள் விடிவதற்கு முன்னர், மனைவி அடுப்பு மூட்டியபோது, அதைத் தாள்தாளாகக் கிழித்து நானே எரித்தேன். என்னுடைய தமிழ்க் கொப்பியும் அதனோடு போயிற்று. எவரும் என்னை எரிக்கச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு யாரும் சோதனைக்கு வரவுமில்லை.

அதன் பின்னர் சேர் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். பார்வை முற்றாகப் போய்விட்டது. போகும்போதெல்லாம் கேட்பார்: “கொப்பி கவனமா இருக்கா, மனே?” “ஓம், சேர்” என்பேன். 1996இல் அந்த நம்பிக்கையோடே அவர் கண்ணை மூடினார்.

*

இன்று கியூவையும் புள்ளிக்குறிகளையும் தட்டினால் கணினி நொடியில் சொற்பட்டியலைக் கொட்டுகிறது. எனக்கு அதில் குறையில்லை. சேர் இருந்திருந்தால் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். அந்தப் பட்டியலில் பொருள் இல்லை என்பதையும் கவனித்திருப்பார். விளையாட்டுக்குப் பொருள் தேவையுமில்லை. 2003இல் தாய்லாந்து இளைஞர் பானுபோல் சுஜ்ஜயாகோர்ன் ஆங்கில ஸ்கிராபிளில் உலகச் சாம்பியனானார். ஆங்கிலம் அவரது தாய்மொழியன்று. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே சொற்பட்டியலை ஒன்பது வாரத்தில் மனனம் செய்து, 2015இல் பிரெஞ்சுச் சாம்பியனானார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் வென்றார். அது மாபெரும் நினைவாற்றல். வணங்குகிறேன்.

ஆனாலும் அந்த நான்கு சொற்கள் எனக்கு இத்தனை காலம் மறக்காமல் இருந்தது எழுத்தினால் அன்று. நீதிபதி, துறவி, கால்வாய், இலை. அவற்றைச் சொன்ன காத்தான்குடி நண்பர். சேரின் சாய்ந்த கையெழுத்து. இவை போகாததால் சொல்லும் போகவில்லை.

பேரனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். எரித்ததையும் சொன்னேன். அவன் சற்றுப் பொறுத்து, “எட்டுக் கொப்பியில உங்களுக்கு எத்தனை சொல் ஞாபகம் இருக்கு?” என்று கேட்டான். தெரியாது, எண்ணிப் பார்த்ததில்லை என்றேன்.

இப்போது ஞாயிறுதோறும் அவன் அழைக்கிறான். நான் நினைவுக்கு வருபவற்றைச் சொல்கிறேன், அவன் எழுதுகிறான். தமிழ் எழுத அவனுக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் பொருளைத் தமிழில் எழுதாமல் அடுத்த சொல்லைச் சொல்லமாட்டேன் என்று நிபந்தனை போட்டிருக்கிறேன். நேற்றோடு நாற்பத்தொரு சொற்கள்.